அறிவின் நான்கு படிகளும் நம் வகுப்பறையும்

(சுருத பஞ்சமி விழாவில், தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் ஆசிரியப் பணியாற்றும் நம் சமூகத்து அன்பர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் கொண்டாடுவது நூலுக்கான திருநாள். செவிவழியாக மட்டுமே வழங்கி வந்த ஆகம ஞானம், ஏட்டில் எழுதப்பெற்று, சதுர்வித சங்கத்தாரால் பூசிக்கப்பெற்ற நாள் சுருத பஞ்சமி. ஆண்டுதோறும் இந்நாளில் சாத்திரங்களைத் தூய்மை செய்து, பட்டுத்துணி சாற்றி, அர்ச்சித்து வணங்குகிறோம். அந்த நூல் தோன்றுவதற்கு முன் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணாக்கரும் ஒரு மலைக்குகையில் பாடம் நடத்தினார்கள் என்பதையும் இந்நாளில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பாடம் எவ்வாறு தொடங்கியது என்பதே இன்றைய என் உரைக்கு அடிப்படை.

வீரசேனாசாரியர் தம் தவளா உரையில் அவ்வரலாற்றைக் கூறுகிறார். கிர்நார் மலையின் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனாசாரியர் முதுமை எய்தினார். தாம் அறிந்த ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடுமோ என்று அஞ்சி, தகுதியுள்ள முனிவர் இருவரை அனுப்புமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். பிற்காலத்தில் புஷ்பதந்தர், பூதபலி என்று போற்றப்பெற்ற இருவரும் வந்து சேர்ந்தனர். ஆசாரியர் உடனே பாடத்தைத் தொடங்கவில்லை. ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்து, நோன்பிருந்து சித்தி செய்து வருமாறு பணித்தார். ஒருவருக்குத் தந்த மந்திரத்தில் எழுத்து மிகுந்திருந்தது. மற்றவருக்குத் தந்ததில் எழுத்துக் குறைந்திருந்தது. இருவர்முன்னும் தோன்றிய தேவதைகளுள் ஒன்றுக்குப் பல் நீண்டு வெளியே துருத்தியிருந்தது. மற்றொன்றுக்கு ஒரு கண் இல்லை. தேவதைகளின் இயல்பு இவ்வாறு இராதே என்று அவர்கள் ஐயுற்றனர். பிழை மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ந்து, மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் செவ்வடிவில் தோன்றின. நடந்ததைக் கேட்ட பின்னரே தரசேனர் மனநிறைவுடன் பாடத்தைத் தொடங்கினார்.

பெரியோர்களே, தரசேனர் எதைச் சோதித்தார் என்று சிந்தித்துப் பாருங்கள். நினைவாற்றல் மட்டுமே அவருக்கு வேண்டுவதாக இருந்தால், மந்திரத்தை நூறு முறை ஓதச் சொல்லி, பிழையின்றி ஒப்பிக்கிறார்களா என்று பார்த்திருக்கலாம். கொடுத்ததைக் கொடுத்தபடியே ஒப்பித்திருந்தால் இவ்விருவரும் அச்சோதனையில் தோற்றிருப்பார்கள். ஐயுறுதல், ஆராய்தல், தெளிதல் ஆகியவை மாணாக்கரிடம் நிகழ்கின்றனவா என்றே அவர் பார்த்தார். பாடம் சொல்லும்முன் மாணாக்கன் எவ்வாறு கற்கிறான் என்று அறிந்துகொள்ள முனைந்த ஆசிரியர் அவர். அவரிடம் கற்ற இருவருள் பூதபலி தமிழகம் நோக்கி வந்தார் என்று தவளை கூறுவது நமக்குத் தனிப்பெருமை.

கற்றல் என்பது உள்ளத்துள் எவ்வாறு நிகழ்கிறது என்ற வினாவுக்கு நம் மரபில் தெளிவான விடை உண்டு. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் முதல் அத்தியாயத்தில் மதிஞானத்துக்கு நான்கு படிகளைச் சொல்கிறது: அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை. இதற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தியில் தரும் எடுத்துக்காட்டு மிக எளியது. தொலைவில் வெண்மையாக ஏதோ தெரிகிறது; அது அவக்கிரகம். அது கொக்கா, கொடியா என்று அறிய உள்ளம் முனைகிறது, அது ஈஹா. மேலெழுந்தும் தாழ்ந்தும் சிறகசைப்பதைக் கண்டு, கொக்கே என்று துணிகிறது, அது அவாயம். பின்னொரு நாளும் மறவாதிருப்பது தாரணை.

வராக நதிப் பாசனத்தில் அமைந்த ஊர் ஜெயமங்கலம். நெல்வயலில் இறங்கும் கொக்கை நாள்தோறும் காணும் பிள்ளைகள் என்முன் அமர்ந்திருக்கிறார்கள். பூஜ்யபாதரின் எடுத்துக்காட்டை அவர்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த நான்கு படிகளையும் நம் வகுப்பறையோடு பொருத்திப் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களும் பெற்றோர்களாகிய நீங்களுமே.

வகுப்பில் ஆசிரியர் சொல்கிறார், பிள்ளை கேட்கிறது. இது அவக்கிரகம். தேர்வில் வினாத்தாள் கேட்கிறது. பிள்ளை நினைவிலிருந்து எழுதுகிறது. இது தாரணை. முதற்படிக்கு ஆசிரியர் பொறுப்பேற்கிறார். நான்காம் படிக்குத் தேர்வுத்துறை பொறுப்பேற்கிறது. நடுவிலுள்ள இரண்டு படிகளுக்குப் பெரும்பாலும் எவரும் பொறுப்பேற்பதில்லை. ‘அதுவா, இதுவா’ என்று பிள்ளை ஐயுறுவதற்குக் கால அட்டவணையில் இடமில்லை. ‘இதனால் இதுவே’ என்று துணிவதற்கும் இடமில்லை. இரண்டு படிகளை உடைத்துவிட்டு, மாடிக்கு ஏறவில்லையே என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். ‘மக்கு’ என்ற சொல் அங்கே பிறக்கிறது. எட்டு வயதில் அச்சொல்லைக் கேட்ட பிள்ளை அதை நம்பத் தொடங்கிவிடுகிறது.

வகுப்பறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள் பாடம். நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால், எட்டில் ஒன்றே பெரிது என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, ‘கீழெண் பெரிதானால் பின்னம் சிறிது’ என்ற விதியைப் பலகையில் எழுதிப் பத்து முறை எழுதச் சொல்வது ஒரு வழி. அடுத்த தேர்வில் சிலர் சரியாக எழுதுவர். அதற்கடுத்த ஆண்டு அந்த விதி தலைகீழாக நினைவுக்கு வரும்.

மற்றொரு வழி, அப்பிள்ளை ஏன் அவ்வாறு எழுதியது என்று கேட்பது. ‘எட்டு பெரிசு சார், நாலு சின்னது’ என்பதே விடையாக இருக்கும். அவ்விடையில் ஓர் உண்மை இருக்கிறது. முழு எண்களைப் பற்றி நான்கு ஆண்டுகளாக நாம் கற்பித்ததை அப்பிள்ளை நம்பிக்கையோடு இங்கும் பயன்படுத்துகிறது. நம் நயவாதம் கற்பிப்பதும் இதுவே. ஒரு நோக்கில் மெய்யான கூற்றை எல்லா நோக்குக்கும் உரியதாகக் கொள்ளும்போதே அது பிழையாகிறது. பிள்ளையின் தவறான விடையைப் பெரும்பாலும் ஒரு நயம் என்றே கொள்ளலாம். அது எந்த நோக்கில் நின்று சொல்லப்பட்டது என்று கண்டறிவதே ஆசிரியரின் முதல் வேலை. கண்டறியாமல் அடிப்பதும் ஏளனம் செய்வதும் இம்சையின்பாற்படும். அணுவிரதம் ஏற்றவர் வகுப்பறை வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்ல முடியாது.

ஜெயமங்கலத்துக்கு அருகில் உள்ள வடுகபட்டி, பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். ஆகவே வகுப்புக்கு ஒரு தராசும் கொஞ்சம் பூண்டும் கொண்டு வரச் செய்தேன். ஒரு கிலோவை இரு கூறாக்கினால் அரை. அரையை இரு கூறாக்கினால் கால். காலை இரு கூறாக்கினால் என்ன பெயர் என்று கேட்டேன். நம் முன்னோர் அதற்கு ‘அரைக்கால்’ என்று பெயரிட்டிருந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் அமைதி. பின் ஒரு சிறுமி, ‘காலுல அரைதானே சார் அரைக்கால்? அப்ப அதுதானே சின்னது?’ என்றாள். எடை போட்டோம், 250 கிராமும் 125 கிராமும் தட்டில் இருந்தன. அச்சிறுமி கேட்டது ஈஹா. எடைபோட்டுத் துணிந்தது அவாயம். விதியை நான் சொல்லவே இல்லை. மறுநாள், மூன்றில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்று புதிதாக ஒன்றைக் கேட்டபோது, ‘அஞ்சு பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும் சார்’ என்று ஒரு சிறுவன் விடை சொன்னான். பூண்டும் தராசும் இல்லாத இடத்திலும் கருத்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கே அந்த இரண்டாம் வினா.

அச்சிறுவன் சொன்ன பிறகுதான் என் விளக்கத்தால் தெளியாத சிலர் தெளிந்தார்கள். ஆசிரியர் வாயிலிருந்து வந்தபோது புரியாதது தோழன் வாயிலிருந்து வந்தபோது புரிந்தது. இது புதுமையன்று. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நம் சமயத்துச் சான்றோரான பவணந்தி முனிவர் இதற்குக் கணக்கே எழுதி வைத்தார். நன்னூல் இலக்கண நூல் என்றே நாம் அறிந்திருக்கிறோம். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும், பாடம் சொல்லும் முறையையும், மாணாக்கர் இயல்பையும், பாடம் கேட்கும் முறையையும் தனித்தனியே வகுத்துரைக்கும் கல்வியியல் நூலாகும். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிக் கொண்டாலும் கால்பங்குப் புலமையே கைகூடும் என்கிறார் முனிவர். உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. கால், கால், அரை, சேர்ந்தால் ஒன்று.

இக்கணக்கை நம் பள்ளி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பாடத்தைப் பேசுவதற்கு எவ்வளவு நேரம் தருகிறோம்? ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துரைப்பதற்கு எவ்வளவு தருகிறோம்? முனிவர் கால்பங்கு என்று குறித்த பகுதிக்கு நாம் முழுப்பொழுதையும் செலவிட்டுவிட்டு, மீதி முக்கால் பங்கு வரவில்லை என்று வருந்துகிறோம்.

பழைய திண்ணைப் பள்ளிகள் இதை ஓரளவு அறிந்திருந்தன. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குப் பாடம் சொல்வான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலில் எழுதுவதைக் கொண்டுவந்து, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரால் பரவியது. ஆயின் அங்கு நாளடைவில், ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் ஒப்பிக்க வைக்கும் கருவியாக அது சுருங்கியது. பிள்ளை பிறருக்கு எடுத்துரைப்பதன் பயன் எடுத்துரைக்கும் பிள்ளையின் அறிவு தெளிவதில் இருக்கிறது என்பதை மறந்தவுடன், முறை மட்டும் நின்றது, உயிர் போயிற்று.

அண்மைக் காலத்திலும் நம் மாநிலம் இந்த வழியில் பெருமுயற்சிகள் செய்திருக்கிறது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி, சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அட்டைகள் வழியே கற்கும் முறையை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த திரு எம்.பி. விஜயகுமார் அதைத் தழுவி, 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007–08இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். கரும்பலகை பிள்ளைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியின் படிகளில் ஏறியது. 2022 சூன் மாதம் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகள் நிற்கும் நிலையை அறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்துக் கற்பிக்கச் சொல்கிறது.

இவையெல்லாம் நல்ல முறைகள். ஆயினும் இருபது ஆண்டுகளாக இம்முறைகளுக்கிடையே பணியாற்றியதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டை ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்று அறிந்த ஆசிரியர் கையில் அட்டை விளக்காகிறது. அறியாதவர் கையில் அது மற்றுமொரு பதிவேடாகிறது. படிகள் முடிந்தன என்று குறிப்பெழுதுவதே வேலையாகிவிடுகிறது. முறைகள் ஆட்சிதோறும் மாறும். பிள்ளையின் உள்ளம் கற்கும் விதம் மாறுவதில்லை. அதை அறிந்த ஆசிரியர் எந்த முறையிலும் நன்றாகக் கற்பிப்பார். பாடம் சொல்பவர் விரைவும் வெகுளியும் இல்லாதவராய், கேட்பவர் எவ்வாறு ஏற்றுக்கொள்வார் என்பதை உணர்ந்து சொல்ல வேண்டும் என்று பவணந்தியார் வற்புறுத்தியது இதனால்தான். வரிசையின்றி எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டும் ஆசிரியரை, கழற்காய் பெய்த குடத்துக்கு ஒப்பிட்டு ஆகாதவர் பட்டியலில் வைத்தார்.

அவர் மாணாக்கரையும் தலை, இடை, கடை என்று பகுத்து உவமை சொன்னார். கேட்டதையெல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக்குடம் அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்கு முத்திரை குத்த இவ்வுவமைகளைக் கையாள்வோர் உண்டு. அவற்றை நோய் நாடும் குறிப்பாகக் கொள்வதே முறை என்று நான் கருதுகிறேன். குடம் ஒழுகுகிறது என்றால் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும்.

ஒழுகலைப் பற்றி இக்கால ஆய்வும் நிறையச் சொல்கிறது. 1885இல் செருமானிய அறிஞர் எபிங்கௌஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்று அளந்து எழுதினார். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவரிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள், ஒருமுறை படித்துவிட்டு ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என இரு நிலைகளை ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். திரும்பத் திரும்பப் படிப்பது ‘எனக்குத் தெரியும்’ என்ற மயக்கத்தைத் தருகிறது; மூடிவைத்து நினைவுகூர்வதே தாரணையை உறுதியாக்குகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நாள்தோறும் கைக்கொள்ளும் ஒழுங்கும் நம்மிடமே இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுக்கிறது: வாசனா, பிருச்சனா, அனுப்பிரேக்ஷா, ஆம்நாயம், தருமோபதேசம். ஓதுதல், வினாதல், உள்ளத்தில் எண்ணிப் பார்த்தல், பிழையின்றித் திரும்பச் சொல்லுதல், பிறருக்கு எடுத்துரைத்தல். மனப்பாடம் அங்கே நான்காவதாக நிற்பதைக் கவனியுங்கள். வினாவுக்கும் சிந்தனைக்கும் பின்னரே அதற்கு இடம். மனனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொருளறிந்தபின் மனனம் செய்வது அணிகலன்.

ஆசிரியப் பணியில் இருக்கும் நம்மவர்க்கு என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு பாடத்திலும் விடையைச் சொல்வதற்கு முன் ஒரு வினாவை வைத்து, பிள்ளைகள் ஐயுறுவதற்குச் சில நிமிடம் விட்டுக்கொடுங்கள். தவறான விடைக்குக் காரணம் கேளுங்கள். பாடத்தின் முடிவில் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லச் செய்யுங்கள். நேற்றைய பாடத்தை ஏட்டைத் திறவாமல் நினைவுகூரச் செய்தபின் இன்றைய பாடத்தைத் தொடங்குங்கள். இதற்குச் செலவில்லை, அரசாணையும் தேவையில்லை.

நம் ஊர்களில் விடுமுறை நாள்களில் சமயப் பாடசாலை நடத்தும் அன்பர்களுக்கும் இதுவே வேண்டுகோள். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருப்பெயர்களையும் இலாஞ்சனங்களையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம். சுபார்சுவநாதருக்கும் பாம்புப் படம் உண்டு, பார்சுவநாதருக்கும் உண்டு. இருவரையும் எவ்வாறு வேறு பிரித்தறிவாய் என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் ஸ்வஸ்திகம் என்ற இலாஞ்சனமும் படங்களின் எண்ணிக்கையும் அப்பிள்ளைக்குப் பொருளுள்ளவையாகும். கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அச்சணந்தி முனிவரின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ‘இவர் யார்’ என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ‘யாராக இருக்கும்? எதைக் கொண்டு சொல்கிறாய்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பெற்றோர்களே, மாலையில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் ‘எத்தனை மதிப்பெண்’ என்று கேட்பதோடு, ‘இன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடு’ என்றும் கேளுங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை. தெரியாதிருப்பதே நலம், அப்போதுதான் பிள்ளை உண்மையாகவே ஆசிரியராகும். பவணந்தியார் குறித்த அந்த அரைப்பங்கு, பெரும்பாலும் நம் வீட்டுக் கூடத்தில்தான் காத்திருக்கிறது.

நான்கு தானங்களுள் சாத்திர தானத்தை உயர்வாகப் போற்றும் மரபினர் நாம். நூலை அச்சிட்டு வழங்குவதோடு அத்தானம் நிறைவுறாது. வாங்கியவர் உள்ளத்தில் ஐயம் எழுந்து, ஆய்ந்து, தெளிந்து, நிலைபெறும்போதே அது நிறைவுறும். தரசேனரின் வழியில் நின்று நம் பிள்ளைகளுக்கு அத்தானத்தை முழுமையாக வழங்குவோம்.

ஜெய் ஜினேந்திரா.